ஆபீஸ் வைஃபை திணறுகிறதா? ரவுட்டரை மாற்றும் முன் கேட்கப்படும் கேள்விகள்

ஆறேழு பேரோடு தொடங்கிய அலுவலகம் இருபத்தைந்து பேராக வளர்ந்திருக்கும். ஃபைபர் கனெக்‌ஷன் கொடுத்த அன்று மாட்டிவிட்டுப் போன வெள்ளைப் பெட்டி மட்டும் அதே இடத்தில் இருக்கும். ஆளுக்கு ஒரு லேப்டாப், ஒரு போன், அதுபோக பிரிண்டர், கேமரா டிவிஆர், பயோமெட்ரிக் மெஷின், மீட்டிங் ரூம் டிவி என்று அறுபது சாதனங்கள் அதன்மேல் தொங்கும். உதாரணத்துக்கு ஒரு ஆடிட்டர் ஆபீஸை எடுத்துக்கொள்கிறேன்: ஒரே தளம், முன்னால் ஹால், இரண்டு கேபின், பின்னால் ரெக்கார்டு ரூம். சின்ன எக்ஸ்போர்ட் ஆபீஸ், டியூஷன் சென்டர், கிளினிக் எல்லாவற்றுக்கும் இது ஏறக்குறைய பொருந்தும்.

நெட் ஸ்லோ என்றாலே ரவுட்டர்தான் காரணமா? எப்படித் தெரிந்துகொள்வது?

இல்லை. எதையும் வாங்கும் முன் இதைச் சோதித்துவிடுங்கள், பத்து நிமிட வேலைதான். கூட்டம் அதிகமாக இருக்கும் நேரத்தில், காலை பதினொன்று, பதினொன்றரை வாக்கில், வைஃபையில் இருக்கும் ஒரு விண்டோஸ் லேப்டாப்பில் கமாண்ட் பிராம்ப்ட்டை இரண்டு ஜன்னலாகத் திறங்கள். ஒன்றில் ரவுட்டரின் முகவரிக்கு (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1) பிங் விடுங்கள் (பதில் எவ்வளவு நேரத்தில் திரும்புகிறது என்று காட்டும் கட்டளை), இன்னொன்றில் வெளியே இருக்கும் கூகுளின் 8.8.8.8-க்கு. கட்டளையின் கடைசியில் மைனஸ் டி (-t) போட்டால் நிற்காமல் ஓடும்.

ரவுட்டருக்குப் போகும் பிங் 2, 3 மில்லிசெகண்டில் திரும்பினால் ஆரோக்கியம். அதுவே 4, 180, 12, 600, 'டைம்டு அவுட்' என்று குதித்தால் கோளாறு உங்கள் கட்டடத்துக்குள்ளேயே, அதுவும் வைஃபையில் இருக்கிறது. உறுதிப்படுத்த அதே லேப்டாப்பை லேன் கேபிளில் மாட்டிப் பாருங்கள். கேபிளிலும் குதித்தால் ரவுட்டரின் பிராசஸரே மூச்சுமுட்டிக் கிடக்கிறது.

ரவுட்டர் பிங் நன்றாக இருந்து 8.8.8.8 மட்டும் இழுத்தால் ஒன்று லைன் பிரச்சினை, அல்லது உங்கள் அப்லோடு நிரம்பி வழிகிறது. இரண்டு பிங்கும் சுத்தமாக இருக்கிறது, ஆனால் எந்த வெப்சைட்டும் சட்டென்று திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ்ஸை (வெப்சைட் பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும் சேவை) சந்தேகப்படுங்கள். பெரும்பாலான அமைப்புகளில் டிஎன்எஸ் கேள்விகள் எல்லாம் ரவுட்டர் வழியாகவே போகும், சின்னப் பெட்டிகள் அதில் சீக்கிரம் தடுமாறும். எல்லாமே சரி, ஜிஎஸ்டி போர்ட்டல் மட்டும் சுற்றுகிறது, தேதியும் 20 என்றால் ரவுட்டரைத் திட்டாதீர்கள், அன்றைக்கு நாடே ஜிஎஸ்டி ரிட்டர்னான 3பி-யை ஃபைல் பண்ணிக்கொண்டிருக்கிறது.

200 எம்பிபிஎஸ் பிளானை 500 ஆக்கினால் சரியாகிவிடுமா?

மேலே சொன்ன சோதனையில் ரவுட்டர் பிங்கே குதித்திருந்தால், ஆகாது. வெளியிலிருந்து வரும் வேகத்தைக் கூட்டுகிறீர்கள், உள்ளே அடைத்துக்கொண்டிருப்பது அப்படியே இருக்கிறது. மாதாமாதம் கூடுதல் பில் மட்டும் வரும். இருபத்தைந்து பேர் டேலி, இமெயில், போர்ட்டல், அவ்வப்போது வீடியோ கால் என்று வேலை செய்யும் அலுவலகத்துக்கு 200 எம்பிபிஎஸ் தாராளம்.

ரவுட்டர் திணறுகிறது என்றால் உள்ளே என்னதான் நடக்கிறது?

மூன்று வெவ்வேறு விஷயங்களைச் சேர்த்து 'திணறல்' என்கிறோம்.

முதலாவது காற்று நேரம். ஒரு சேனலில் (வைஃபை பேசும் அலைவரிசை) ஒரு நேரத்தில் ஒரு சாதனம்தான் பேச முடியும். அறை முழுக்க ஆட்கள், மைக் ஒன்றே ஒன்று என்ற கதைதான். இதில் எத்தனை சாதனங்கள் இருக்கின்றன என்பதைவிட எவ்வளவு மெதுவாகப் பேசுகிறார்கள் என்பது முக்கியம். ரவுட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் லேப்டாப் 200 எம்பிபிஎஸ் வேகத்தில் ஒரு ஃபைலை வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிடும். ரெக்கார்டு ரூமில் இரும்பு பீரோவுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒற்றைக் கோடு சிக்னலில் 6 எம்பிபிஎஸ்ஸில் பேசும் பழைய லேப்டாப் அதே ஃபைலுக்கு முப்பது மடங்குக்கும் மேல் நேரம் எடுக்கும், அவ்வளவு நேரமும் மற்ற எல்லாரும் காத்திருக்கவேண்டும். ஆக ஒரு மூலையில் சிக்னல் மோசம் என்பது அந்த மூலையில் இருப்பவரின் தனிப்பட்ட பிரச்சினை அல்ல, ஆபீஸ் முழுவதும் அதற்கு வரி கட்டுகிறது. யாரும் கவனிக்காத இடம் இதுதான்.

இரண்டாவது முகவரி தீர்ந்துபோவது. ரவுட்டர் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு ஐபி முகவரி கொடுக்கிறது. பல ரவுட்டர்களில் 100 முதல் 199 வரை என்று நூறு முகவரிகள்தான் ஒதுக்கியிருப்பார்கள், கொடுத்ததை 24 மணி நேரத்துக்கு விடாது. ரிட்டர்ன் சீசனில் வந்துபோகும் கிளையன்ட் எல்லாம் வைஃபை பாஸ்வேர்டு கேட்டு வாங்கினால், அவர்கள் வீட்டுக்குப் போன பிறகும் முகவரி அவர்கள் பெயரிலேயே கிடக்கும். மதியத்துக்கு மேல் வந்த ஆர்ட்டிகிள் (சிஏ பயிற்சி) பையனுக்கு வைஃபையில் 'கனெக்டட்' என்று காட்டும், நெட் மட்டும் வராது. புது ரவுட்டர் தேவையில்லை, ஒதுக்கீட்டை 2 முதல் 254-க்குள் விரித்து, காலக்கெடுவை எட்டு மணி நேரமாகக் குறைத்தால் போதும். பிரிண்டர், டிவிஆருக்குக் கையால் போட்டிருக்கும் முகவரிகளை மட்டும் அந்த வரிசையிலிருந்து விலக்கிவிடுங்கள்.

மூன்றாவது பிராசஸரும் மெமரியும். ஒவ்வொரு பிரவுசர் டேபும் பத்து இருபது இணைப்புகளைத் திறக்கும், அத்தனைக்கும் ரவுட்டர் ஒரு பட்டியல் வைத்திருக்கவேண்டும். மலிவுப் பெட்டியில் அந்தப் பட்டியல் நிரம்பினால் புது இணைப்புகள் சத்தமில்லாமல் விழும்.

ரீஸ்டார்ட் செய்தால் நன்றாகிவிடுகிறதே?

பட்டியல் காலியாகிறது, எல்லாரும் ஒருமுறை துண்டிக்கப்பட்டுக் கிட்டத்தில் இருப்பவர்கள் முதலில் இணைகிறார்கள், ஒன்றிரண்டு மணி நேரம் சுகம். தினமும் ரீஸ்டார்ட் தேவைப்படுகிறது என்றால் நோய் இருக்கிறது என்று அர்த்தம்.

பெட்டியில் '128 சாதனங்கள்' என்று போட்டிருக்கிறது. எங்களிடம் அறுபதுதானே?

அது இணைந்து சும்மா இருக்கக்கூடிய எண்ணிக்கை. சுறுசுறுப்பாக வேலை செய்யும் சாதனங்கள் என்று பார்த்தால் ஒரு ஆக்சஸ் பாயின்ட்டுக்கு (வைஃபை சிக்னல் கொடுக்கும் பெட்டி) இருபத்தைந்து, முப்பது என்று திட்டமிடுவது என் வழக்கம். வீடியோ கால் அதிகமுள்ள ஆபீஸ் என்றால் இன்னும் குறைத்துக்கொள்வேன்.

ஒரு ரூபாய் செலவழிக்காமல் முதலில் என்ன செய்யலாம்?

நகராத எதுவும் வைஃபையில் இருக்கக்கூடாது. இந்த ஒன்றைச் செய்தாலே பாதி ஆபீஸ்களில் புகார் நின்றுவிடும். டெஸ்க்டாப், பிரிண்டர், டிவிஆர், மீட்டிங் ரூம் டிவி, டேலி சர்வர் எல்லாம் கேபிளுக்குப் போகட்டும். கேபிள் இன்னும் போய்ச் சேராத மேஜைகள் இருக்கும், அது சரி, போய்ச் சேரும் இடத்தில்கூட சோம்பலில் வைஃபையில் விட்டிருப்போம். வைஃபை என்பது போனுக்கும், மேஜை மாறி மாறி உட்காரும் லேப்டாப்புக்கும் உரியது.

அப்புறம் பெட்டி இருக்கும் இடம். ஃபைபர் எங்கே நுழைகிறதோ அங்கேயே, ரிசப்ஷன் மேஜைக்கு அடியில், டிவிஆருக்கும் ஸ்டெபிலைசருக்கும் நடுவில் செருகியிருப்பார்கள். அதை ஹாலின் நடுவில் தலைக்கு மேல் உயரத்துக்குக் கொண்டுவந்தாலே வித்தியாசம் தெரியும். இரும்பு பீரோ, கான்கிரீட் தூண், வெயிலுக்கு ஃபிலிம் ஒட்டிய கண்ணாடி, அட்டத்தில் அடுக்கிய ஃபைல் கட்டுகள், எல்லாம் சிக்னலைத் தின்னும்.

2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் சேனல் 1, 6, 11 இந்த மூன்றில் ஒன்றை வையுங்கள், ஒன்றோடொன்று மோதாதவை இவைதான். அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். 40 போட்டால் வேகம் கூடும் என்று ஆசை காட்டும், ஆனால் கடைத்தெரு காம்ப்ளெக்ஸில் மேலே கீழே இருக்கிற எல்லார் வைஃபையோடும் இடித்துக்கொள்ளும். லேப்டாப்புகளையும் புதுப் போன்களையும் 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தள்ளுங்கள். இந்தியாவில் 2018 அக்டோபரில் அந்தப் பட்டையில் 605 மெகாஹெர்ட்ஸ் உரிமமில்லாமல் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டது, இடம் நிறையவே இருக்கிறது.

கடைசியாக பேக்கப். டிரைவ் சிங்க், கேமராவின் கிளவுடு பதிவு, விண்டோஸ் அப்டேட் எல்லாம் காலை பத்து மணிக்கு ஒன்றாகக் கிளம்பும். அவற்றுக்கு இரவு நேரம் குறித்துவிடுங்கள். அப்லோடு நிரம்பினால் டவுன்லோடும் இழுக்கும், ஏனென்றால் நீங்கள் கேட்பதை வெளியே சொல்லும் வழியே அடைபட்டுவிடுகிறது.

எட்டு ஆன்டெனா வைத்த பெரிய கேமிங் ரவுட்டர் ஒன்று வாங்கிவிட்டால் போதாதா?

பெரும்பாலும் வீண். ரவுட்டர் சத்தமாகக் கத்தலாம், ரெக்கார்டு ரூமிலிருக்கும் போன் அதே சத்தத்தில் பதில் சொல்லவேண்டுமே. போனின் சிக்னல் சக்தி சின்னது, அது மாறப்போவதில்லை. ஆகவே சிக்னல் முழுக்கோடு காட்டும், வேலை நடக்காது.

பெட்டிமேல் இருக்கும் எண்ணையும் நம்பவேண்டாம். ஏஎக்ஸ்1800 என்பது 2.4-ல் 574, 5-ல் 1201, இரண்டையும் கூட்டி முழுமையாக்கிய விளம்பர எண். எந்த ஒரு சாதனத்துக்கும் அது கிடைக்காது, உண்மையில் கைக்கு வருவது இணைப்பு வேகத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே கீழே. இதைவிடப் பெரிய கொடுமை, ஏசி1200 என்று கொட்டை எழுத்தில் போட்ட மலிவு ரவுட்டர்கள் பலவற்றில் பின்னால் இருக்கும் போர்ட்டுகள் 100 எம்பிபிஎஸ்தான். 200 எம்பிபிஎஸ் லைன் வாங்கி அதில் செருகினால் பாதி வாசலிலேயே நின்றுவிடும். பெட்டியில் 'கிகாபிட் போர்ட்' என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

சரி, என்னதான் வாங்குவது?

ஒரு பெட்டி செய்துகொண்டிருந்த வேலையை மூன்றாகப் பிரியுங்கள். போக்குவரத்தைக் கவனிக்க ஒரு வயர்டு ரவுட்டர், அதற்கு வைஃபையே வேண்டாம். கேபிள்களைப் பங்கிட ஒரு கிகாபிட் சுவிட்ச், பிஓஈ (லேன் கேபிள் வழியாகவே கரன்ட்டும் கொடுக்கும் வசதி) உள்ளதாக. வைஃபை கொடுக்கக் கூரையில் இரண்டு ஆக்சஸ் பாயின்ட். நம் உதாரண ஆபீஸுக்கு ஹாலில் ஒன்று, பின்பக்கம் கேபினுக்கும் ரெக்கார்டு ரூமுக்கும் பொதுவாக ஒன்று.

பிரித்தால் என்ன லாபம் என்றால், நாளைக்கு மாடியையும் வாடகைக்கு எடுத்தால் இன்னொரு ஆக்சஸ் பாயின்ட் மாட்டினால் முடிந்தது, எதையும் தூக்கிப்போட வேண்டியதில்லை. எது கெட்டதோ அதை மட்டும் மாற்றலாம். டிபி-லிங்க் ஓமாடா, யூபிக்விட்டி யூனிஃபை, அரூபா இன்ஸ்டன்ட் ஆன் மூன்றுமே இந்த அளவு ஆபீஸுக்குப் பொருத்தம், எனக்கு ஒன்றின்மேல் தனிப் பாசம் கிடையாது. உங்கள் ஊரில் எதற்கு வாரன்டி மாற்று சீக்கிரம் கிடைக்கிறதோ அதை வாங்குங்கள். மூன்றையும் ஒரே கம்பெனியில் வாங்கினால் ஒரே திரையில் எல்லாம் தெரியும், அந்த வசதிக்காகவே கலந்து வாங்கவேண்டாம் என்பேன். மிக்ரோடிக் ரவுட்டர் கொடுக்கிற காசுக்கு ஏகப்பட்டது செய்யும், ஆனால் அது தெரிந்த ஆள் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும்.

எக்ஸ்டெண்டர் வாங்கிப் பின்னறையில் செருகினால்?

ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் திருப்பிச் சொல்லும் எக்ஸ்டெண்டர் காற்று நேரத்தை இரண்டு மடங்காக்கும். ஏற்கெனவே அதுதான் பஞ்சம். வீட்டில் மொட்டைமாடிக்கு சரி, ஆபீஸுக்கு வேண்டாம். மெஷ் (தங்களுக்குள் பேசி ஒரே வைஃபையாக இயங்கும் பல பெட்டிகள்) அதைவிட மேல், குறிப்பாகப் பெட்டிகளுக்கிடையே பேசத் தனி ரேடியோ இருந்தால். ஆனால் மெஷ் பெட்டிகளைக் கேபிளில் இணைக்க முடியும் என்றால் கேபிளிலேயே இணையுங்கள். கேபிள் போட்டுவிட்டீர்கள் என்றால் ஆக்சஸ் பாயின்ட்டே போட்டுவிடலாம், சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கும்.

வைஃபை 5 போதுமா, 6 வேண்டுமா, 7-க்குக் காத்திருக்கலாமா?

இன்று புதிதாக வாங்கினால் 6. இந்தத் தலைமுறையில் வேகத்தைவிட நெரிசலைச் சமாளிப்பதில்தான் கவனம் வைத்தார்கள், ஒரே முறையில் பல சாதனங்களுக்குச் சின்னச் சின்னத் துண்டாகப் பங்கிட்டுக் கொடுக்கும். ஆனால் லேப்டாப்பும் 6 ஆக இருந்தால்தான் அந்தப் பலன். ஆபீஸில் பாதி இன்னும் வைஃபை 4, 5 லேப்டாப்புகள் என்றால் உடனே அற்புதம் எதிர்பார்க்கவேண்டாம். 7-க்கான சான்றிதழ் 2024 ஜனவரியில் தொடங்கியது. அதன் பெரிய கவர்ச்சியான 6 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்கு இந்தியாவில் வரைவு விதிகளே 2025 மே மாதம்தான் வந்தன. இருபத்தைந்து பேர் ஆபீஸ் அதற்காகக் காத்திருக்கக் காரணம் எதுவும் இல்லை.

கேபிள் எது வாங்குவது? எல்லாம் கேட் 6 என்றுதான் சொல்கிறார்கள்.

அட்டையில் கேட் 6 என்று இருக்கும், உள்ளே செம்பு முலாம் பூசிய அலுமினியம் இருக்கும். சந்தையில் சிசிஏ என்பது இதைத்தான். சோதிக்க பிளேடு போதும்: ஒரு கம்பியின் நுனியை மெதுவாகச் சுரண்டுங்கள், செம்பு நிறத்துக்கு அடியில் வெள்ளி நிறம் தெரிந்தால் அலுமினியம். இரண்டு மூன்று முறை மடக்கி நிமிர்த்தினால் பட்டென்று ஒடியவும் செய்யும். பெட்டியைத் தூக்கும்போதே எடை குறைவாக இருக்கும். இதில் பிஓஈ கரன்ட் போனால் கேபிள் சூடாகும், தூரத்தில் மாட்டிய ஆக்சஸ் பாயின்ட் மதியத்தில் தானாக அணைந்து அணைந்து எரியும், நீங்கள் ஆக்சஸ் பாயின்ட்டைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பீர்கள். முழுச் செம்பு என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

பிஓஈ பற்றி இன்னொன்று. 802.3ஏஎஃப் தரம் என்றால் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட், ஏடி என்றால் 30 வாட். ஆக்சஸ் பாயின்ட் எதைக் கேட்கிறது, சுவிட்ச் மொத்தமாக எத்தனை வாட் கொடுக்கும், இரண்டையும் பாருங்கள். சில பழைய ஆக்சஸ் பாயின்ட்டுகள் 24 வோல்ட் பாஸிவ் வகை, இந்த சுவிட்சில் அவை எழவே எழாது.

கேபிள் போடுபவர் வேலை முடித்ததும் காசு கொடுக்கும் முன் ஒவ்வொரு புள்ளியிலும் லேப்டாப்பை மாட்டி, விண்டோஸில் இணைப்பு வேகம் 1000 காட்டுகிறதா பாருங்கள். 100 காட்டினால் கிரிம்ப் (கேபிள் நுனியில் பிளக் பொருத்தியது) சரியில்லை. கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் வேண்டும், 100-க்கு நான்கு போதும், அதனால் ஒரு கம்பி தொட்டும் தொடாமலும் இருந்தால் நெட் வரும், மெதுவாக வரும், வருடக்கணக்கில் யாருக்கும் தெரியாது. ஒரு புள்ளியிலிருந்து சுவிட்ச் வரை 100 மீட்டரைத் தாண்டக்கூடாது என்பதும் ஞாபகம் இருக்கட்டும், சின்ன ஆபீஸில் அந்தக் கவலை வராது.

ஆக்சஸ் பாயின்ட்டின் பவரை முழுசாக வைக்கவேண்டியதுதானே?

குறையுங்கள். முழு பவரில் வைத்தால் ஹாலில் பிடித்த போன் பின்னறைக்கு நடந்து போன பிறகும் ஹால் பெட்டியையே கட்டிக்கொண்டு அழும், தலைக்கு மேலே புதுசு ஒன்று தொங்குவதைக் கண்டுகொள்ளாது. நடுத்தர பவர், இரண்டு பெட்டிக்கும் வேறுவேறு சேனல், இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. 2.4-ன் பவர் 5-ஐவிட ஒரு படி கீழே இருக்கட்டும், இல்லையென்றால் சாதனங்கள் அதன் பக்கமே சாயும்.

ஃபைபர் கம்பெனி கொடுத்த பெட்டியை என்ன செய்வது?

அதைத் தூக்கிப்போட முடியாது, ஒளியை மின் சிக்னலாக மாற்றுவது அதுதான். அதை பிரிட்ஜ் மோடில் (ரவுட்டர் வேலையை விட்டு லைனை மட்டும் கடத்தும் முறை) போட்டுத் தரச் சொல்லி லைன்மேனிடம் கேளுங்கள். சிலர் மறுபேச்சில்லாமல் செய்வார்கள், சிலர் "கஸ்டமர் கேர்ல சொல்லுங்க சார்" என்பார்கள். பிரிட்ஜில் போட்டால் யூசர்நேம், பாஸ்வேர்டு இனி உங்கள் ரவுட்டரில் போடவேண்டும், விலேன் எண் (VLAN, லைனுக்குக் கம்பெனி கொடுத்த அடையாள எண்) இருந்தால் அதையும் அவரிடமே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிட்ஜ் கிடைக்கவில்லை என்றாலும் குடிமுழுகிப் போகாது. அதன் வைஃபையை அணைத்துவிட்டு உங்கள் ரவுட்டரை அதன் பின்னால் மாட்டலாம், சாதாரண வேலைக்கு வித்தியாசமே தெரியாது, வெளியிலிருந்து ஆபீஸ் கேமராவையோ சர்வரையோ பார்ப்பவர்களுக்கு மட்டும் தலைவலி. ஒன்று கவனம்: அந்தப் பெட்டியும் 192.168.1.1, புது ரவுட்டரும் 192.168.1.1 என்று இருந்தால் நெட் வரவே வராது. ஏதாவது ஒன்றை மாற்றவேண்டும். ஃபைபர் பெட்டியின் எண்ணை மாற்றுங்கள், ஏன் என்பது அடுத்த பதிலில் இருக்கிறது.

மாற்றும் நாளில் ஆபீஸ் ஸ்தம்பிக்காமல் எப்படிச் செய்வது?

பழைய வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்துக்கு எழுத்து அப்படியே புதிதில் வையுங்கள். போன், லேப்டாப், பயோமெட்ரிக் எதற்கும் மாற்றம் நடந்ததே தெரியாது. உள் முகவரி வரிசையும் பழையதாகவே இருக்கட்டும், அதனால்தான் ஃபைபர் பெட்டியின் எண்ணை மாற்றச் சொன்னேன். பிரிண்டர் 192.168.1.50 என்று ஐந்து வருடத்துக்கு முன் யாரோ போட்டுவிட்டுப் போயிருப்பார், அவர் போன் நம்பரே உங்களிடம் இருக்காது.

பழைய ரவுட்டரின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வைஃபை பாதுகாப்பு முறையைப் புதிய டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்தால் பழைய பிரிண்டரும் பயோமெட்ரிக்கும் சேராது, 2-ம் 3-ம் கலந்த முறையை வையுங்கள், அதிலும் முரண்டு பிடித்தால் அவற்றுக்கு மட்டும் டபிள்யூபிஏ2-வில் தனிப் பெயர் கொடுங்கள். நாள் சனிக்கிழமை மாலையாக இருக்கட்டும். ஜிஎஸ்டி கெடு வரும் 11, 20 தேதிகளை ஒட்டிய வாரமும், வருமான வரி ரிட்டர்ன் நெருக்கும் ஜூலைக் கடைசியும் வேண்டவே வேண்டாம். திங்கள் காலை முதல் ஆள் வரும் முன் ஒரு பிரிண்ட் எடுத்து, ஒரு விரல் ரேகை வைத்து, கேமராவைப் போனில் திறந்து பார்த்துவிடுங்கள்.

டேலி மட்டும் ரொம்ப மெதுவாக இருக்கிறது. இதனால் சரியாகுமா?

டேட்டா ஃபோல்டர் ஒரு கம்ப்யூட்டரில் இருந்து மற்றவர்கள் வைஃபையில் அதைத் திறக்கிறார்கள் என்றால், ஆமாம், இரண்டு பக்கமும் கேபிளுக்கு மாற்றிய அன்றே தெரியும். என்ட்ரி போடும்போது வைஃபை ஒரு நொடி அறுந்தால் டேட்டா கெடவும் வாய்ப்புண்டு, வேகத்துக்காக இல்லாவிட்டாலும் அதற்காகவாவது மாற்றுங்கள்.

கிளையன்ட் வந்தால் வைஃபை கேட்கிறார்களே?

கெஸ்ட் வைஃபை தனியாக வையுங்கள், அதிலிருந்து ஆபீஸ் கம்ப்யூட்டரையோ பிரிண்டரையோ பார்க்க முடியாதபடி பிரித்து, ஆளுக்கு 5 எம்பிபிஎஸ் என்று கட்டுப்பாடும் போட்டுவிட்டால் யாருக்கும் மனக்கசப்பில்லை. ஸ்டாஃபின் சொந்தப் போன்களையும் அதிலேயே விடுவது எனக்குப் பிடித்த ஏற்பாடு. ஆர்ட்டிகிள்ஸ் முடித்துப் போகும்போது ஆபீஸ் பாஸ்வேர்டை மாற்ற யாரும் ஞாபகம் வைத்திருப்பதில்லை, போனில் அந்த பாஸ்வேர்டே இல்லை என்றால் அந்தத் தொல்லை பாதி குறைகிறது. ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டு இன்னும் 'அட்மின்' என்றே இருந்தால் இதைப் படித்து முடிக்கும் முன் போய் மாற்றுங்கள். வீட்டிலிருந்து வேலை பார்க்க ரிமோட் டெஸ்க்டாப் போர்ட்டை அப்படியே வெளியே திறந்துவிட்டிருந்தால் அதையும் மூடிவிட்டு விபிஎன் (பூட்டிய தனிப் பாதை) வழியாக வாருங்கள். ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) நுழைகிற ராஜபாட்டை அதுதான்.

இரண்டு கம்பெனி லைன் வைத்துக்கொள்ளலாமா?

ஃபைலிங் வேலை உள்ளவர்கள் கட்டாயம் வைத்துக்கொள்ளலாம். இரண்டும் ஒரே கம்பத்தில் ஒரே பாதையில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஜேசிபி ஒரே தோண்டலில் இரண்டையும் அறுத்துவிடும். ரவுட்டரில் 'லோடு பேலன்ஸ்' போடாமல் 'ஃபெயில்ஓவர்' (ஒரு லைன் அறுந்தால் மட்டும் மற்றதுக்கு மாறுவது) போடுங்கள். பேலன்ஸ் போட்டால் ஒரு கிளிக் ஒரு லைனிலும் அடுத்த கிளிக் இன்னொன்றிலும் போகலாம், வெளியே தெரியும் ஐபி மாறியதும் பேங்க் சைட் பதறிப்போய் லாக்அவுட் செய்துவிடும். சலான் கட்டும் நடுவில் அது நடந்தால் பணம் போனதா இல்லையா என்று மாலை வரை யாரும் சொல்லமாட்டார்கள்.

கரன்ட் போனால் லேப்டாப் ஓடுகிறது, நெட் போய்விடுகிறது.

ஃபைபர் பெட்டி, ரவுட்டர், பிஓஈ சுவிட்ச் மூன்றையும் ஒரே யூபிஎஸ்ஸில் மாட்டுங்கள். ஆக்சஸ் பாயின்ட்டுகளுக்கு சுவிட்சிலிருந்தே கேபிள் வழியாகக் கரன்ட் போவதால் தனி ஏற்பாடு தேவையில்லை, பிஓஈ வாங்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். பக்கத்துக் கட்டடத்துக்கு வெட்டவெளியில் லேன் கேபிள் இழுத்திருந்தால் கோடை மழை இடியில் போர்ட் கருகும், அந்த ஒரு இணைப்பை மட்டும் ஃபைபராக மாற்றிவிடுவது நல்லது.

மொத்தம் எவ்வளவு ஆகும்? ஒரே நேரத்தில் முடியாது என்றால்?

நம் உதாரண ஆபீஸுக்கு நாற்பது, ஐம்பதாயிரத்துக்குள் கணக்குப் போடலாம். கேபிள் ஓடும் தூரமும் ஃபால்ஸ் சீலிங் இருக்கிறதா என்பதும்தான் ஏற்றி இறக்கும். தவணையாகச் செய்வதென்றால் முதலில் கேபிளும் சுவிட்சும், அடுத்து ஒரு ஆக்சஸ் பாயின்ட், பிறகு இரண்டாவது, கடைசியாக ரவுட்டர். பலரும் தலைகீழாக ரவுட்டரில் தொடங்குவார்கள், கேபிளுக்கு வரும்போது பணம் தீர்ந்திருக்கும்.

பழைய ரவுட்டரை என்ன செய்வது?

கிகாபிட் போர்ட் இருந்து, கம்பெனி இன்னும் அப்டேட் கொடுத்துக்கொண்டிருந்தால் மாடிப்படி ஓரத்து அறைக்கு ஆக்சஸ் பாயின்ட்டாக வைக்கலாம். அதன் டிஹெச்சிபியை (ஐபி முகவரி கொடுக்கும் வேலை) அணைத்து, முகவரியை ரவுட்டரோடு மோதாத ஒன்றாக மாற்றி, வேன் போர்ட்டை (வெளி லைன் செருகும் இடம்) விட்டுவிட்டு லேன் போர்ட்டில் கேபிளைச் செருகவேண்டும். டிஹெச்சிபியை அணைக்க மறந்தால் பாதி ஆபீஸுக்கு அது முகவரி கொடுக்கத் தொடங்கி, யாருக்கு நெட் வரும் யாருக்கு வராது என்பது குலுக்கல் சீட்டாகிவிடும். அப்டேட் நின்றுபோன பெட்டி என்றால் ரீசெட் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பழைய பாஸ்வேர்டுகளை அழித்துவிட்டு இ-வேஸ்ட் எடுப்பவரிடம் கொடுங்கள். ஃபைபர் கம்பெனி கொடுத்தது என்றால் மட்டும் அலமாரியில் வையுங்கள், கனெக்‌ஷனை ரத்து செய்யும் அன்று அதைத் திருப்பிக் கேட்பார்கள், அடாப்டரோடு சேர்த்து.